காப்பு கட்டுவதற்குள்

இரவு டியூட்டி பார்த்துவிட்டுக் காலைப் பேருந்தில் வருகிறவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். ஜன்னலில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டே வருவார்கள். தங்கள் நிறுத்தம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து இறங்கிவிடுவார்கள். நர்ஸ் யுவராணியும் அப்படித்தான். தர்மபுரியில் ஏறி உட்கார்ந்தால் புங்கன்கொட்டாயில்தான் கண் திறக்கும். இன்றைக்கு நிறுத்தம் வருவதற்கு முன்பே ஒலிபெருக்கிச் சத்தம் அவளை எழுப்பிவிட்டது.

ஊர் எல்லையில் ஓர் ஆட்டோ நின்றது. அதற்குள் உட்கார்ந்து முனியப்பன் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"ஊர் சனங்களுக்குத் தெரிவிக்கிறது என்னான்னா, நம்ம மாரியம்மன் பண்டிகைக்கு இன்னிக்கிப் பொழுது சாய, வெளக்கு வெக்கிற நேரத்துக்குக் காப்பு கட்றாங்க. காப்பு கட்டுனப்பறம் ஊர்க்காரங்க யாரும் வெளியூர்ல ராத் தங்கக்கூடாது. வூட்டுல கவுச்சி ஆக்கக்கூடாது. அம்மாவுக்குக் கட்டுப்பட்டு நடந்துக்குங்க!"

யுவராணிக்குத் தூக்கம் போயே போய்விட்டது. காப்பு அடுத்த வாரம் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்?

வீட்டில் கட்டிலுக்கடியில் ஒரு நீலப் பெட்டியை அடுக்கித் தயாராகத் தள்ளி வைத்திருந்தாள். இன்று இரவு மொரப்பூரில் ரயில் ஏறி, சென்னையில் விமானம் ஏறி, ரோசம்மாளோடும் பானுமதியோடும் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறாள். நர்சிங் படித்த காலத்துச் சிநேகிதிகள் மூவரும் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை போய் வந்தார்கள். அப்போது வீட்டில் "சென்னையில் ட்ரெய்னிங்" என்று சொல்லியிருந்தாள். இந்தத் தடவை புருஷன் மாதவராஜிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவனும் மென்று விழுங்கி, "சரி, போய்ட்டு வா. அம்மாவுக்கு மட்டும் ட்ரெய்னிங்னே இருக்கட்டும்" என்றான். பண்டிகை அடுத்த வாரம்தானே, அதற்குள் வந்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில்தான் இப்போது மண் விழுந்தது.

ஆனால் நர்ஸ் வேலை பார்க்கிறவள் சட்டென்று கலங்கிவிட மாட்டாள். இறங்கி நடந்துகொண்டே யோசித்தாள். காப்பு கட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருக்கிறவர்களைத்தான் அந்த விதி கட்டும். அதற்கு முன்பே வெளியே போய்விட்டவர்களை அம்மன் கணக்கில் எடுப்பதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் காப்பு அன்றைக்கு மதியமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவது அதனால்தான். அவளும் மதியமே கிளம்பிவிட்டால் போதும். இரவு ரயிலுக்காக மொரப்பூர் ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார்ந்துகொண்டே தூங்கிவிடலாம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அந்தச் சிரிப்பு வாசல் வரைக்கும்தான்.

வாசலில் மாமியார் செல்லம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி, நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகிக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்காரி ஸ்டூல் ஏறுகிறாள் என்றால் மனசில் பெரிய சந்தோஷம் இருக்கிறது என்று அர்த்தம்.

"எறங்குங்க அத்தே, வுழுந்து கிழுந்து வெப்பீங்க."

"வந்துட்டியா ராணி? தலைக்கு ஊத்திக்கினு கொஞ்சம் படு. பொழுது சாய நீதான் மொதோ ஆளு."

"நானா? எதுக்குங்க?"

செல்லம்மாள் இறங்கி வந்தாள். உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்து பிரித்தாள். மஞ்சள் சேலை. மடிப்புக் கலையாத புதுச் சேலை.

"எதுக்காமே! தீச்சட்டி எடுக்கிறவங்களுக்குக் கோயில்ல கையில காப்பு கட்டுவாங்கல்ல? இந்த வருசமாச்சும் என் வேண்டுதல் முடியட்டும். நேத்துதான் தர்மபுரி போய் எடுத்தாந்தேன். உன் நெறத்துக்கு நல்லாருக்கும்."

யுவராணி பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து நின்றாள்.

கொரோனா வந்த இரண்டாம் வருஷம், வார்டில் வேலை பார்த்துவிட்டு அவளே நோயாளியாகிப் படுத்தாள். மூக்கில் ஆக்சிஜன். வீட்டுக்காரர்கள் யாரும் பார்க்க முடியாது. தினமும் போனில் "அப்படியேதான் இருக்காங்க" என்று ஒரு பதில் வரும். அந்த நாட்களில் கோயிலும் பூட்டிக் கிடந்தது. செல்லம்மாள் தினமும் போய், பூட்டின கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகள் எழுந்து வீடு வந்து சேர்ந்தால் அவள் கையாலேயே தீச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

மருமகள் எழுந்து வந்துவிட்டாள். வேண்டுதல்தான் நடக்கவில்லை. முதலில் பண்டிகையே இல்லை. அப்புறம் பங்காளி வீடுகளில் அடுத்தடுத்துச் சாவு, தீட்டு. அதற்கப்புறம் கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று சாமியை வேறு இடத்தில் வைத்தார்கள். இப்படியே தள்ளிப்போனதில் யுவராணி அதை மறந்தே விட்டாள். செல்லம்மாள் ஒரு நாளும் மறக்கவில்லை.

"என்னா ராணி, பேயறைஞ்சாப்புல நிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க அத்தே. ராத்திரி ரெண்டு கேஸ் சீரியஸ். தூக்கமில்ல."

"போ, போய்ப் படு" என்றாள் மாமியார், சேலையைத் தடவிக்கொண்டே.

படுக்கவில்லை அவள். கொல்லைப்புறம் போனாள். மாதவராஜ் அப்போதுதான் பால் சங்கத்திலிருந்து வந்து, மாட்டுக் கொட்டகை ஓரம் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். சங்கத்தில் செக்ரட்டரி, கோயில் விழாக்குழுவில் உறுப்பினர், ஊரில் எல்லோருக்கும் நல்லவன். அவளைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நேத்து ராத்திரி கூட்டம் நடந்துச்சா?" என்றாள்.

"ம்."

"நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். பம்பைக்காரங்க இந்த வாரம்தான் தோதுப்படும்னுட்டாங்க. அடுத்த வாரம் அவங்களுக்குப் பென்னாகரம் பக்கம் ஒத்துக்கிட்ட பண்டிகை. எல்லாரும் சரின்னாங்க."

"நீங்களும் சரின்னீங்களா?"

அவன் வண்டிச் சாவியை உள்ளங்கையில் உருட்டினான்.

"பின்ன என்னான்னு சொல்றது ராணி? என் பொண்டாட்டி தீவுக்குப் போய் ஆடப்போறா, காப்பைத் தள்ளி வெய்யுங்கன்னு சொல்லவா?"

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமில்லீங்களா?"

"நீ டியூட்டில இருந்த. காலையில வந்ததும் சொல்லிக்கலாம்னு..."

"ஆட்டோவுல முனியப்பன் சொல்லிட்டாரு. உங்க வேலை மிச்சம்."

அவனுக்கு உறைத்தது. ஆனாலும் என்ன செய்வான்? யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாத நாக்கு அது. விழாக்குழுவுக்கும் தலையாட்டினான், மனைவிக்கும் தலையாட்டினான். இரண்டும் ஒரே நாளில் வந்து மோதும் என்று எதிர்பார்க்கவில்லை.

"அம்மா சேலையெல்லாம் எடுத்தாந்துட்டாங்க" என்றான் மெதுவாக. "நீயே யோசிச்சு ஒரு முடிவு பண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீட்டுப் பெண்கள் தலையில் முடிவைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்கு நம் ஆண்கள் பெருந்தன்மை என்று பேர் வைத்திருக்கிறார்கள். யுவராணிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. உள்ளே வந்து, குளித்து, ஃபேனுக்கு அடியில் படுத்தாள்.

தூக்கம் வரவில்லை. தீவுதான் வந்தது.

இரவு முழுக்கக் கண் விழிப்பது அவளுக்குப் புதிதா என்ன? இருபது வருஷமாக மாதத்தில் பாதி ராத்திரி விழித்துத்தான் இருக்கிறாள். சொட்டு மருந்து முடிந்ததா என்று பார்க்க, காய்ச்சல் இறங்கிற்றா என்று பார்க்க, யாரோ அலறினால் ஓட. தனக்காக விழித்திருந்தது அந்தத் தீவில்தான். தெருவெங்கும் விளக்கு. கடைக்குக் கடை பாட்டு. மணலில் போட்ட மேடையில் ஒரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. ரோசம்மாள் மேஜையைத் தட்டி நம் ஊர்ப் பம்பை அடியைக் காட்ட, டிரம் அடிக்கிற பையன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அப்புறம் கேட்க வேண்டுமா? செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று பேரும் ஆடிய ஆட்டத்தில் வெள்ளைக்காரர்கள் வட்டம் கட்டி நின்று கை தட்டினார்கள். பானுமதி பீர் குடித்தாள். யுவராணி இளநீர்தான் குடித்தாள், ஆனால் அவளுக்குத்தான் போதை அதிகம். விடிந்தபோது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதைக் கழுவிக்கொண்டு கடலோரம் உட்கார்ந்து மூவரும் காரணமில்லாமல் அழுதார்கள், சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அது அவர்களுக்கு "நம்ம தீவு".

போன் அதிர்ந்தது. ரோசம்மாள்.

"ஏ யுவா, ரெடியா? நான் முட்டிக்கு உறையெல்லாம் வாங்கிட்டேன். வலி தைலம் ரெண்டு பாட்டில். அந்த ஜிகினா மேல்சட்டையையும் எடுத்து வெச்சிக்கிட்டேன். பானு பிரஷர் மாத்திரை மறக்காதன்னு சொல்லச் சொன்னா."

"ஆடப் போறமா, வைத்தியத்துக்குப் போறமாடி?"

"ஆடிட்டு வைத்தியம் பாத்துக்கலாம். ஏன் உன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

யுவராணி சொன்னாள். ரோசம்மாள் கோவிலூர்க்காரி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ஆனால் காப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வூட்டுக்குத் தூரம்னு சொல்லிடேன். தூரமானவளுக்குக் காப்பு கட்ட மாட்டாங்கல்ல?"

"அந்தப் பொய்யி வேணாம்டி."

"ட்ரெய்னிங்னு மட்டும் சொன்ன?"

"அது ஆஸ்பத்திரி மேல சொன்ன பொய்யி. இது எங்க அத்தே கோயில் கதவைப் புடிச்சிக்கிட்டு நின்னது மேல சொல்ற பொய்யி. என்னால ஆவாது."

"அப்ப வரலியா?" ரோசம்மாளின் குரல் தாழ்ந்தது. "யுவா, எனக்கும் ஒண்ணும் ஆடியே தீரணும்னு இல்லடி. அங்க வந்து நாலு நாளும் படுத்துத் தூங்கு, எழுப்பவே மாட்டோம். ஆனா நீ இல்லாம நாங்க ரெண்டு பேரும் போய் என்னா பண்றது?"

யுவராணி "அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிட்டாள்.

தூங்கத்தான் போக வேண்டுமென்றால் இங்கேயே தூங்கலாமே என்று தோன்றியது. இங்கே தூங்க முடியாது. கண்ணை மூடினால் போதும், குக்கர் விசில் எண்ணச் சொல்வார்கள்; மாட்டுக்குத் தண்ணி காட்டினாயா என்பார்கள்; பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் சர்க்கரை பார்க்கச் சொல்லி விரலை நீட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு எரிச்சல் வரவில்லை. அழுகைதான் வந்தது. தீவுக்குப் போக வேண்டும். வேறெதற்கும் இல்லாவிட்டாலும் யாரும் கூப்பிடாத நாலு ராத்திரிக்காகப் போக வேண்டும். போகாவிட்டால் இந்த வருஷம் தான் என்ன ஆவோமோ என்று பயமாகவே இருந்தது.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

செல்லம்மாள் கீழே உட்கார்ந்து மாவிளக்குக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி பாரதி பக்கத்தில் வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெண். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"அத்தே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் இன்னிக்கி ட்ரெய்னிங்குக்குப் போவலீங்க."

"அதான் வேணாம்னு மாதவராஜ்கிட்டச் சொல்லிட்டனே. ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிக்க."

"இல்லீங்க. ட்ரெய்னிங்கே கிடையாதுங்க. ரோசம்மாளும் பானுவும் நானும் ஒரு தீவுக்குப் போறோம். வெளிநாடு."

முறம் நின்றது.

"அங்க என்னா, கோயிலா?"

"கோயில் இல்லீங்க. கடலு. ராத்திரி ஆனா தெருவுல பாட்டுப் போடுவாங்க. ஆடுவோம்."

"யாரு ஆடுவா?"

"நாங்கதாங்க. வர்றவங்க எல்லாரும் ஆடுவாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

செல்லம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பாரதி நினைத்தாள். யுவராணியும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"மூணு வருசம் முந்தி மெட்ராசுக்கு ட்ரெய்னிங்னு போனியே?"

"அதுவும் அங்கதாங்க அத்தே."

"ஓ" என்றாள் செல்லம்மாள். "வந்தப்ப சிரிச்ச மொகமா வந்த. ரொம்ப நாளு அப்படியே இருந்த. ஆஸ்பத்திரியில சம்பளம் ஏத்திட்டாங்களோன்னு நெனச்சேன்."

இதற்கு யுவராணி தயாராக இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அடுத்த வருசம் நானே தீச்சட்டி எடுக்கிறேங்க அத்தே. சத்தியமா."

"அம்மன்கிட்ட அடுத்த வருசம் அடுத்த வருசம்னு சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாருக்கு ராணி. ஏன், இந்தத் தடவ போவலன்னா அந்தத் தீவு எங்கியாச்சும் ஓடிப்போவுதா?"

"தீவு ஓடாதுங்க. நான்தான்..." யுவராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்குக் களைப்பா இருக்குங்க அத்தே. ஒடம்பு களைப்பு இல்ல, அது படுத்தாத் தீந்துடும். ராத்திரியெல்லாம் சிஸ்டர்னு கூப்டா ஓடறேன். வூட்டுக்கு வந்தா ராணின்னு கூப்டா ஓடறேன். நெசமாவே கோவமில்லீங்க, உங்க யார் மேலயும். அங்க இருந்த நாலு ராத்திரி என்னிய யாரும் கூப்டலீங்க. அது மறுபடியும் வேணும்னு இருக்கு."

பாரதி வெல்லத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே முனியப்பனின் ஆட்டோ ஊரைச் சுற்றி மறுபடியும் வந்தது. காப்பு, வெளியூர், கவுச்சி என்று அதே பாட்டு.

செல்லம்மாள் தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். உதவிக்கு நீண்ட மருமகளின் கையைப் பிடிக்கவில்லை.

"போறதுன்னா காப்புக்கு முந்தியே போயிடு. கட்டுனப்பறம் எல்லையத் தாண்டிப் போவாத. உனக்கு மறுபடியும் ஒண்ணுன்னா, இன்னொருக்கா போய்க் கதவைப் புடிச்சிக்கிட்டு நிக்க எனக்குத் தெம்பில்ல."

சொல்லிவிட்டு சாமி அறைக்குள் போனவள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். அது அப்படியே திரும்பி வந்தது.

வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் பாரதி ஸ்கூட்டியை எடுத்தாள். நீலப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள். மாதவராஜ் வாசலில் நின்று, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்குத் தெரிந்த அக்கறை அது. யுவராணி சாமி அறை வாசலில் நின்று, "போய்ட்டு வரேங்க அத்தே" என்றாள். உள்ளேயிருந்து மணிச் சத்தம்தான் கேட்டது.

ஊர் எல்லையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையின் குறுக்கே மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. பாரதி வண்டியை மெதுவாக்கி அதைத் தாண்டினாள்.

"தாண்டியாச்சு. இனிமே நீ ஃப்ரீம்மா."

பின்னால் உட்கார்ந்திருந்த யுவராணிக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. மகளின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"ஆடுனா எப்பிடிம்மா இருக்கும்?" என்று கேட்டாள் பாரதி, காற்றில்.

"கால் வலிக்கும்."

"அதில்லம்மா."

"தெரியலடி. நல்லா இருக்கும். நீ ஆயாவைச் சாப்புட வெய்யி. மாத்திரை சாயந்திரம் ரெண்டு, மறந்துடாத."

மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு, பாரதி அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திரும்பினாள். காப்புக்குள் அவள் ஊருக்குள் இருக்க வேண்டுமே.

ரோசம்மாள் முன்பே வந்து பிளாட்பார பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டியில் உறை, மடியில் எலுமிச்சை சாதம். பானுமதி சென்னையில் வந்து சேர்ந்துகொள்வாள். சிநேகிதியைக் கண்டதும் எழப்பார்த்து, முடியாமல் கையை மட்டும் விரித்தாள். யுவராணி அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்து, அப்படியே தூங்கிப்போனாள். ரயிலுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.

போன் அடித்து விழித்தபோது பிளாட்பாரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேற்கே வானத்தில் சிவப்பும் அடங்கி நன்றாக இருட்டியிருந்தது. புங்கன்கொட்டாயில் காப்பு கட்டி முடித்திருப்பார்கள். யுவராணி அவசரமாகப் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லு பாரதி. ஆயா நல்லாருக்காங்கல்ல?"

போனுக்குள் பம்பை அதிர்ந்தது. பாரதி கத்திப் பேச வேண்டியிருந்தது.

"நல்லாருக்காங்கம்மா. காப்பு கட்டிட்டாங்க."

"சரி."

"ஆயாதான் மொதல்ல கையை நீட்டினாங்க. உன் தீச்சட்டியை அவங்களே எடுக்கிறேன்னாங்க. முட்டி வலிய வெச்சிக்கிட்டுத் தீச்சட்டியோட எப்பிடி நடப்பீங்கன்னு பூசாரி கேட்டாரு. அவங்க கேக்கல, கையை நீட்டிக்கினே நின்னாங்க. அப்பா ஒண்ணும் பேசல."

"ஐயோ. அப்புறம்?"

"நான் நீட்டிட்டேன்."

யுவராணி எழுந்து நின்றுவிட்டாள்.

"உன் பேரைச் சொல்லித்தாம்மா கட்டினாரு. பெத்த பொண்ணு எடுத்தா அம்மன் ஏத்துக்குவாளாம். அந்த மஞ்சள் சேலையத்தான் கட்டியிருக்கேன். ஆயா என்னியக் கட்டிக்கிட்டு அழுதாங்க. சாப்புடவும் ஒத்துக்கிட்டாங்க."

"உனக்கு எதுக்குடி அது? கையில நெருப்போட ஊரைச் சுத்தணும். நான் வந்துடறேன், பூசாரிகிட்டச் சொல்லு, இதோ வரேன்..."

"வந்து என்னா பண்ணுவ? கட்டியாச்சும்மா. அவுக்கக்கூடாது. நீ போ, நல்லா ஆடு."

யுவராணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் ரயிலின் விளக்கு தெரிந்தது. ரோசம்மாள் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

"அழறியாம்மா? அழாத. எனக்கும் ஒரு நாளு போவணும்னு இருக்கும். அன்னிக்கி எனக்குப் பதிலா நீ இப்பிடி நிக்கணும். எங்க, எதுக்கு, யாரோடன்னு கேக்கக்கூடாது. சரியா?"

"சரிடி. நிக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடி" என்றாள் பாரதி. அந்த ஒரு சொல்லில் பெரிய சுமை இறங்கின மாதிரி ஒரு மூச்சு இருந்தது. "அது சீக்கிரமே வரும்மா. பண்டிகை முடிஞ்சதும்."

ரயில் வந்து நின்றது. ரோசம்மாள் பெட்டிகளை ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி, "ஏறுடி, நிக்காது!" என்று கத்தினாள். யுவராணி கம்பியைப் பிடித்து ஏறினாள்.

மகளின் குரல் இயல்பாக இருந்தது. மிகமிக இயல்பாக. மூன்று வருஷத்துக்கு முன்னால், இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே, "சென்னையில ட்ரெய்னிங்குங்க அத்தே" என்று தான் சொன்னபோது எத்தனை இயல்பாகச் சொன்னோம் என்பது யுவராணிக்குத் தெரியும்.

"பாரதி, எங்க போவப் போற? யாரோட?"

போனில் பம்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரயில் நகர ஆரம்பித்தது.

"எங்கடி போவப் போற?" என்று கேட்டாள் யுவராணி, அணைந்துபோன போனிடம்.